லிஸ்ட் கொடுக்கும் கடையும் கூடை தூக்கும் கடையும்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அப்பா தெருமுனை மளிகைக் கடைக் கட்சி, மனைவி கும்பகோணம் டவுன் சூப்பர் மார்க்கெட் கட்சி. இரண்டு பக்கமும் பை தூக்குகிறவன் நான். சண்டை தீரட்டும் என்று ஒரு மாதம் ஒரே லிஸ்டுக்கு இரண்டு இடத்திலும் விலை எடுத்தோம். லிஸ்டில் இருந்த சாமானுக்கு மட்டும் கூட்டினால் சூப்பர் மார்க்கெட் குறைவு. கடைசியில் கொடுத்த பணத்தைப் பார்த்தால் அதுதான் கூட. யாருக்கு வெற்றி என்பது இன்னும் தீரவில்லை.

மளிகைக் கடையில் லிஸ்டை நீட்டிவிட்டுப் படியில் நிற்கிறோம். "வேறென்ன?" என்று ஒரு தடவை கேட்பார், அவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்டில் யாரும் கேட்பதில்லை. உப்பும் சர்க்கரையும் கடைசிக் கோடியில் இருக்கும். அங்கே போவதற்குள் பிஸ்கட், நூடுல்ஸ், ஜூஸ் எல்லாம் தாண்டியாக வேண்டும். பில் போடுகிற இடத்தில் குழந்தையின் கண் மட்டத்தில் சாக்லேட். இரண்டு கடைக்கும் அடிப்படை வித்தியாசம் இதுதான் என்பது என் கட்சி.

சரி, சலுகைகளுக்கு வருவோம். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் தள்ளுபடி 33 சதவீதம். "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" 25 சதவீதம். "இரண்டாவது பாதி விலை" என்பதும் அதே 25 சதவீதம்தான், ஆனால் காதில் 50 என்று விழுகிறது. சோப்புக்கும் பற்பசைக்கும் இது நல்ல லாபம், கெட்டுப்போகாது. வருகிற மாதம் எப்படியும் வாங்கப் போகிறோம். ஆடித் தள்ளுபடியில் இவற்றை அள்ளிக்கொண்டு வந்தால் நானே கூடத் தூக்கி வருவேன். மாவு, மசாலாப் பொடி என்றால் தேதியைப் பார்க்காமல் தொடக்கூடாது. ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று குவித்து வைத்திருந்தால் பெரும்பாலும் காலாவதித் தேதி பக்கத்தில் நிற்கும்.

அடுத்தது எம்ஆர்பி விளையாட்டு. துவரம்பருப்புப் பாக்கெட்டில் 210 என்று அச்சிட்டு, மேலே 155 என்று மஞ்சள் அட்டை தொங்குகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 55 ரூபாய் மிச்சம் என்று கை நீளும். தெருமுனையில் சில்லறையாக அதே பருப்பு 150. எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்புதான், நடப்பு விலை இல்லை. உச்சத்தை எவ்வளவு ஏற்றி அச்சிடுகிறோமோ அவ்வளவு தள்ளுபடி காட்டலாம்.

எண்ணெயில் ஏமாறுவது இன்னும் சுலபம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். 850 மில்லி பாக்கெட்டும் பார்வைக்கு ஒரு லிட்டர் போலத்தான் இருக்கும். லிட்டர் 160, பக்கத்தில் 850 மில்லி 145 என்றால் எதை எடுப்பீர்கள்? 145 ரூபாய் பாக்கெட் லிட்டருக்கு 170 ரூபாய்க்கு மேல் போகிறது. இப்போது பாக்கெட்டிலேயே ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள். அதை ஆயிரத்தால் பெருக்கினால் போதும். மூக்குக் கண்ணாடி மறக்காமல் எடுத்துப் போகவும்.

அதற்காக மளிகைக் கடை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. பில் கிடையாது, பொட்டலப் பொடியில் தேதி கிடையாது, ஷாம்பு சாஷே வாங்கினால் பாட்டிலை விடக் கூடவா குறைவா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் கடன் எழுதும் நோட்டு இருக்கிறதே! எங்கள் பக்கம் பணம் மாதாமாதம் வருவதில்லை. குறுவை அறுத்தால் ஐப்பசிக்குக் கொஞ்சம், சம்பா அறுத்தால் தைக்கு மேல் கொஞ்சம். நடுவில் உள்ள மாதங்களை அந்த நோட்டுதான் தாங்குகிறது. கணக்கு வைத்திருப்பவர் பருப்பு விலையில் பேரம் பேச முடியாது என்பதும் உண்மை. கடனுக்கான வட்டி அந்த விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கையில் ரொக்கம் இருக்கிற மாதம் அதே கடையில் ரொக்கவிலை கேட்டுப் பாருங்கள்.

அரிசியில் ஒரு வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அப்புறம்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. ஆகவே அரிசியை 5 கிலோ, 10 கிலோ பாக்கெட்டாக வாங்குவதில் லாபம் இல்லை. 26 கிலோ மூட்டையாக வாங்கலாம், அல்லது கடையில் மூட்டை பிரித்து அளப்பதை வாங்கலாம். இதை விட வேடிக்கை, வயலில் விளைந்த சிஆர் 1009 ரக நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, அதே குண்டு அரிசியை "இட்லி அரிசி" என்று அச்சடித்த பாக்கெட்டில் வாங்கி வருவது. நாங்களும் செய்திருக்கிறோம்.

ரேஷனை இதில் எதுவும் அடிக்க முடியாது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதம் ஒரு கிலோ, ஒரு லிட்டர்தான். சரக்கு வந்த அன்றே போக வேண்டும். காய்க்கு உழவர் சந்தை. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள், விடிந்ததும் போனால் நல்ல கத்தரிக்காய் பொறுக்கலாம், எட்டரைக்குப் போனால் மீந்ததுதான். குளிர்பெட்டிக்குள் பிளாஸ்டிக் சுற்றி வைத்த கீரை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன மாதம் அப்பாவையே சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்பினோம், கையில் லிஸ்டோடு. லிஸ்டில் இருந்ததை எல்லாம் விலை ஒப்பிட்டுச் சரியாக வாங்கியிருந்தார். கூடவே இரண்டுக்கு ஒன்று இலவசம் என்று மூன்று பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாய். அம்மா போட்ட ஜாடி பரணில் இன்னும் பாதி இருக்கிறது.