நியூ 52 தொகுதிகள்: வாங்குறதுக்கு முன்னாடி வில்லங்கம் பாருங்க

பூமி வாங்கப் போனால் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் கொங்குப் பக்கம் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். பேட்மேன், சூப்பர்மேன் கதைகளைப் போடும் அமெரிக்கப் பதிப்பகமான டிசி காமிக்ஸ் புதிதாகத் தொடங்கிய ‘நியூ 52’ வரிசைத் தொகுதிகளை வாங்கும்போதும் அந்தப் பழக்கம் வேண்டும். புத்தக முதுகில் ‘1’ என்று போட்டிருக்கும். இங்கிருந்து தொடங்கலாம், முன்கதை தெரிய வேண்டியதில்லை என்று அந்த எண் சொல்கிறது. எல்லாத் தலைப்புக்கும் அது உண்மையில்லை. கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவிலோ ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கும் திருவிழாவிலோ ஆங்கில காமிக்ஸ் அடுக்கின் முன்னால் நிற்கிறவர், எது சுத்தமான பத்திரம், எதில் பழைய பாக்கி நிற்கிறது என்று தெரிந்துகொண்டு கை வைத்தால் காசு வீணாகாது.

நடந்தது இதுதான். 2011-ல் ‘ஃப்ளாஷ்பாயின்ட்’ என்று ஐந்து இதழ்கள் வந்தன. எழுதியவர் ஜெஃப் ஜான்ஸ், வரைந்தவர் ஆன்டி கூபர்ட். மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷாக இருக்கும் பாரி ஆலன் தன் அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கிப் போகிறார், உலகமே கலைந்துபோகிறது. அதைச் சரிசெய்யும்போது பழைய உலகம் திரும்பி வராமல் புதிது ஒன்று உருவாகிறது. ஆகஸ்ட் 31 அன்று அதன் கடைசி இதழும் புதிய ‘ஜஸ்டிஸ் லீக்’ முதல் இதழும் ஒன்றாக வெளிவந்தன. செப்டம்பர் முடிவதற்குள் 52 தலைப்புகளும் ஒன்றாம் எண்ணுக்கு வந்துவிட்டன, ‘நியூ 52’ என்ற பெயர் அதனால்தான். 1938-ல் தொடங்கி 904 வரை எண் ஓடிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’கூடத் தப்பவில்லை.

ரசிகர்களுக்குள் சண்டை மூள்வது ஒரே ஒரு கணக்கில். புதிய உலகத்தில் சூப்பர் ஹீரோக்கள் வெளியே தெரிய வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. ஆனால் பேட்மேனிடம் ராபின் என்ற பெயரில் உதவியாளாக இருந்தவர்கள் டிக் கிரேஸன், ஜேஸன் டாட், டிம் டிரேக், டேமியன் என்று நான்கு பேர். இதில் ஜேஸன் செத்துப் பிழைத்து வேறு வந்தாயிற்று. பேட்மேனின் சொந்த மகன் டேமியனுக்கு வயது பத்து. “ஏனுங்கண்ணா, அஞ்சு வருசத்துல நாலு ராபினுங்களா? வருசத்துக்கு ஒரு பையன வேலைக்கு வெச்சாருங்களா?” என்று கேட்டால், “அஞ்சு வருசங்கறது ஊருக்குத் தெரிஞ்ச கணக்குப்பா, அவரு இருட்டுல அதுக்கு முன்னாடியே சுத்திட்டிருந்தாரு” என்று பதில் வரும். இரண்டுமே நியாயமான பேச்சுதான். முதலாமவர் அச்சில் இருப்பதைப் படிக்கிறார். இரண்டாமவர் தனக்குப் பிடித்த கதைகளைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

கோளாறு எங்கே என்றால், எல்லாவற்றையும் புதுப்பிப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டு குடும்பத்தை மட்டும் தொடாமல் விட்டார்கள். கிராண்ட் மாரிஸன் எழுதிவந்த பேட்மேன் கதையும், பச்சை மோதிரத்தால் சக்தி பெறும் கிரீன் லான்டர்னை வைத்து ஜெஃப் ஜான்ஸ் எழுதிவந்த கதையும் அப்போது பாதியில் இருந்தன. அவற்றை அறுக்காமல் அப்படியே புதிய உலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். பங்காளிகள் நாலு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் பழைய பத்திரம் செல்லும், மற்றவர்களுக்குப் புதுப் பத்திரம் என்றால் பொதுக் கிணற்றில் தகராறு வராமல் இருக்குமா? 2012 செப்டம்பரில் எல்லாத் தலைப்புக்கும் ‘0’ எண்ணிட்ட இதழ் போட்டபோது அந்தத் தகராறு வந்தது. ‘டீன் டைட்டன்ஸ்’ 0-வது இதழில் டிம் டிரேக் ராபின் என்ற பெயரிலேயே இருந்ததில்லை, நேராக ரெட் ராபின் ஆனார் என்று மாற்றினார்கள். ஒரு தலைமுறை வாசகர்கள் படித்த மூன்றாவது ராபினின் கதைகள் அதோடு கணக்கிலிருந்து கழிந்தன.

1985–86-ல் 12 இதழாக வந்து டிசி உலகத்தை மாற்றியமைத்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ முடிந்த பிறகும் இதே கதைதான். சூப்பர்மேனை 1986-ல் ஜான் பைர்ன் முதலிலிருந்து எழுதினார், அதில் அவருடைய சிறுவயது வடிவமான சூப்பர்பாயே கிடையாது. சூப்பர்பாயைப் பார்த்து உருவான, எதிர்கால ஹீரோக்களின் லீஜியன் குழுவுக்கு வேர் அறுந்தது. இறக்கையோடு பறக்கும் ஹாக்மேன் சில காலம் பழையபடி ஓடிக்கொண்டிருந்துவிட்டு, 1989-ல் வந்த ‘ஹாக்வேர்ல்டு’ மூலம் புதிதாகத் தொடங்கினார். இடைப்பட்ட இதழ்களில் வந்துபோன ஹாக்மேன் யார் என்பதற்குப் பல வருடம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அறுப்பதென்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுக்க வேண்டும், இல்லையென்றால் எதையும் தொடக்கூடாது என்ற வாதம் அங்கிருந்து வருகிறது.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை கொஞ்சம் புதிது. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் தனித்தனிக் கதைகளாகவே கைக்குக் கிடைத்தன. எது முன், எது பின் என்று யாரும் கேட்டதில்லை. ஈரோடு திருவிழாவை ஒட்டிக் கூடும் அந்த வாசகர் கூட்டத்தில் ‘கதை நல்லாருக்குதுங்களா, அது போதுங்க’ என்று சொல்கிறவர்கள் ஒரு கட்சியாகவே இருப்பது அதனால்தான். அவர்களுக்கு நியூ 52-ல் நல்ல தீனி இருக்கிறது. தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வாங்க வேண்டியது ‘வொண்டர் வுமன்’ முதல் தொகுதி, 1 முதல் 6 வரையிலான இதழ்கள். பிரையன் அஸரெல்லோ எழுத்து, கிளிஃப் சியாங் ஓவியம். களிமண்ணில் பிறந்தவள் என்ற பழைய பிறப்புக் கதையை மாற்றி, ஜீயஸின் மகள் என்று வைத்தார்கள். மாற்றம் பிடிக்காதவர்கள் உண்டு. ஆனால் வேறு எந்தத் தலைப்பையும் நம்பாமல் தன் காலில் நிற்கும் தொகுதி இது. வில்லங்கம் துளியும் இல்லை. ‘அனிமல் மேன்’, ‘ஸ்வாம்ப் திங்’ இரண்டும் அருமை. இரண்டு கதையும் போய் ‘ராட்வேர்ல்டு’ என்ற ஒரே கதையில் சேர்வதால், ஒன்றை வாங்கினால் மற்றதையும் வாங்க வேண்டிவரும்.

‘பேட்மேன்’ முதல் தொகுதி, அதாவது ஆந்தைகளின் சபை. ஸ்காட் ஸ்னைடரும் கிரெக் கபுல்லோவும் செய்தது, 1 முதல் 7 வரை. இத்தனை ராபின்கள் இருந்தும் தடுமாறாமல் படிக்கலாம், ஏனென்றால் எதிரி புதியவர்கள், கதை முழுக்கக் கோத்தம் நகரத்தின் பழைய வரலாற்றைத் தோண்டுகிறது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 5-வது இதழில் பேட்மேன் சுரங்கப் புதிர்ப்பாதைக்குள் மாட்டி, சோறு தண்ணீர் இல்லாமல் புத்தி கலங்குகிறார். அப்போது பக்கங்கள் பக்கவாட்டில் சாய்கின்றன, பிறகு தலைகீழாகின்றன. படிக்கிறவர் புத்தகத்தையே கையில் சுற்ற வேண்டும். தலைகீழாக வைத்திருக்கும்போது பக்கம் புரட்டும் திசையும் மாறிப்போகும். எந்தப் பக்கம் போகிறோம் என்று ஒரு நொடி விழிப்போம் பாருங்கள், அதுதான் அந்த ஓவியர் நமக்குக் கொடுக்க நினைத்தது. பைண்டிங் தப்பு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நிஜமாகவே பைண்டிங் தப்பு என்றால் ஒரு ஃபாரம் முழுக்க, பதினாறு பக்கமோ முப்பத்திரண்டோ, மொத்தமாகத் திரும்பியோ இரண்டு முறையோ இருக்கும், பேச்சு பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கும். இங்கே பேச்சு அறுவதில்லை.

இதே கதை 2024-ல் காம்பாக்ட் அளவிலும் வந்தது. ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், விலை குறைவு, இதழ்களும் அதிகம். எழுத்து சிறிதாகிவிடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த படங்களின் நடுப்பகுதி முதுகுக்குள் போய்விடுகிறது. சுற்றிப் படிக்க வேண்டிய அந்த இதழுக்குப் பெரிய அளவுதான் சரி. பசையால் ஒட்டிய முதுகு என்பதால் மட்டமாக விரித்து அழுத்தாதீர்கள், நடுவில் வெடித்துத் தாள் கழன்றுவரும். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால் நடுப்பக்கத்தில் மெல்ல விரித்து, பசை இழையாகப் பிரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வழவழப்பான தாள் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். பொள்ளாச்சிப் பக்கம் வைத்திருப்பவர்கள் சுவரை ஒட்டாமல், நிற்க வைத்து அடுக்குவது நல்லது.

‘ஜஸ்டிஸ் லீக்’ முதல் தொகுதி, ஜான்ஸும் ஜிம் லீயும். படம் பார்க்க விருந்து, கதை சுமார். ஆறு இதழும் ஐந்து வருடம் முன்னால் நடப்பவை என்பதை மறக்காமல் படித்தால் குழப்பமில்லை. ‘கிரீன் லான்டர்ன்’ முதல் தொகுதியைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். எதிரியாக இருந்த சினெஸ்ட்ரோ விரலில் பச்சை மோதிரம், கிரீன் லான்டர்னாக இருந்த ஹால் ஜோர்டானிடம் மோதிரம் இல்லை என்ற நிலையில் கதை தொடங்குகிறது. முந்தைய கதையைப் படித்தவருக்குத்தான் அதன் கனம் புரியும்.

‘பேட்கேர்ள்’ விஷயத்தில் மனம் ஆறாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நாங்களும் அந்தக் கட்சிதான். பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டன், பேட்மேனின் எதிரி ஜோக்கரால் சுடப்பட்டு, 1989 முதல் சக்கர நாற்காலியில் இருந்தபடி ‘ஆரகிள்’ என்ற பெயரில் மொத்த ஹீரோ கூட்டத்துக்கும் தகவல் மையமாக இருந்தவர். நியூ 52-ல் அறுவைச் சிகிச்சையால் நடக்கிறார், மூன்று வருடத்தில் குணம். கெய்ல் சிமோன் எழுத்து நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த நாற்காலியில் தன்னைப் பார்த்த வாசகர்களுக்கு இருபது வருடத் துணை ஒரே மாதத்தில் போய்விட்டது. கன்டினியூட்டி, அதாவது கதைத் தொடர்ச்சி பேசுகிறவர்களைத் தேதி எண்ணுகிறவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இங்கே போனது தேதி இல்லைங்க.

சூப்பர்மேன் வேண்டுமென்றால் மாரிஸனின் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் தொகுதி நன்று. ஜீன்ஸ், டி-ஷர்ட், பூட்ஸோடு ஏழைகளுக்காக முதலாளிகளை மிரட்டும் இளைஞன். அதே மாதம் வந்த ‘சூப்பர்மேன்’ தலைப்பு ஐந்து வருடம் கழித்து நடப்பது. எழுதிய ஜார்ஜ் பெரஸுக்கு அந்த இடைக்காலத்தில் என்ன நடந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை, ஆறு இதழோடு விலகினார். அந்தத் தடுமாற்றம் பக்கத்திலேயே தெரியும். பழைய உலகத்தில் காதலி லோயிஸோடு நடந்த கல்யாணமும் இந்த உலகத்தில் நடக்கவில்லை. அதைத் தேடுகிறவர்கள் 2016-ல் தொடங்கிய ‘ரீபர்த்’ வரிசையில் பீட்டர் டொமாஸியும் பேட்ரிக் கிளீஸனும் செய்த ‘சூப்பர்மேன்’ முதல் தொகுதிக்குப் போகலாம். பழைய உலகத்துச் சூப்பர்மேன், லோயிஸ், மகன் ஜான் மூவரும் பண்ணை வீட்டில் இருக்கிறார்கள், பக்கத்திலேயே பசுமாடும் உண்டு.