ஓட்டை வைத்த நீ-கேப்: மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு உதவும்?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்ததும், நடுவில் வட்ட ஓட்டை வைத்த நியோப்ரீன் (இழுபடும் ரப்பர்) நீ-கேப்பை, அதாவது முழங்கால் உறையை, பலர் வாங்கிவிடுகிறார்கள். மெடிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்தான். வாங்கலாம், ஆனால் ஓட்டையைச் சுற்றித் திண்டு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முட்டிச்சில்லு விலகினால் பெரும்பாலும் வெளிப்பக்கமாகத்தான் விலகும், அந்தப் பக்கம் தடுப்பது திண்டுதான். வெறும் ஓட்டை சில்லின் மேல் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே.

சில்லு நேராக ஓடுவது ஏன் இவ்வளவு முக்கியம்? மாடி ஏறும்போது அதன் மேல் உடல் எடையைப் போல ஏறத்தாழ 3 மடங்கு விசை விழுகிறது. புது மூட்டின் உலோகப் பள்ளத்தில் நடுவாக ஓடினால் அந்த விசை பரவிவிடும். சாய்ந்து ஓடினால் ஒரே ஓரத்தில் குவிந்து, முட்டியின் முன்பக்கம் வலிக்கும். வலியும் மூட்டுக்குள் தேங்கும் நீரும் தொடையின் முன்தசையைச் செயல்பட விடுவதில்லை. தசை தளர்ந்தால் சில்லைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. மாடிப்படியும், நாற்காலியிலிருந்து எழுவதும் மாதக்கணக்கில் சிரமமாகவே இருக்கும்.

நல்ல நீ-கேப் இந்தச் சுழலில் கொஞ்சம் கைகொடுக்கும். இதமான பிடிப்பும் நடக்கத் தைரியமும் கிடைக்கும். தசையின் வேலையை அது செய்யாது. காலை நீட்டி, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி 5 விநாடி பிடிப்பது, 10 முறை, நாளுக்கு 3 வேளை: இதை விட்டுவிட்டு உறையை மட்டும் மாட்டினால் காசு வீண்.

அளவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மாலையில் வீக்கம் கூடும் என்பதால் அப்போது அளந்து வாங்குங்கள். பெட்டியில் எந்த இடத்தில் அளக்கச் சொல்கிறார்களோ அங்கேயே டேப்பை வையுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். ஒரு பக்கம் மட்டும் திண்டுள்ள வகையில் இடது, வலது உண்டு. மாற்றிப் போட்டால் சில்லை வெளியே தள்ளும். பட்டையை இறுக்கிவிட்டால் பாதம் வீங்கும். முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் ஒரு நரம்பு தோலை ஒட்டி ஓடுகிறது. அதை அழுத்தினால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், உடனே கழற்றுங்கள். கெண்டைக்கால் வலித்து வீங்கினால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தையல் பிரித்து (வழக்கமாக 10 முதல் 14 நாள்) காயம் முழுதாக ஆறி, மருத்துவரும் சம்மதித்த பிறகே மாட்டலாம். தூங்கும்போது வேண்டாம்.

நீ-கேப்பால் சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. பொருத்திய உலோகப் பாகம் உட்பக்கமாகத் திரும்பியிருந்தால் சில்லு வெளியேதான் போகும், எத்தனை இறுக்கினாலும் வராது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை மெதுவாக நீட்டிப் பாருங்கள். சில்லு பக்கவாட்டில் துள்ளினாலோ, ‘டொக்’ என்று வலியோடு மாட்டி விடுபட்டாலோ நீ-கேப்பைக் கழற்றிவைத்துவிட்டு அறுவை மருத்துவரைப் பாருங்கள். நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கும் எக்ஸ்ரேயில் சில்லின் சாய்வு சரியாகத் தெரியாது. முட்டியை மடக்கி எடுக்கும் ‘ஸ்கைலைன்’ எக்ஸ்ரே வேண்டும், பாகம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன்.

வேர்வையில் நியோப்ரீன் அரிக்கும். தினமும் சோப்பு நீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் போட்டால் இழுவை சீக்கிரம் போய்விடும்.