கெஸலா, டால்ஃபினா, பாதலா: அவலட்சணமான பழைய காரில் எதை வாங்கலாம்?

நம் நாட்டில் தயாரான பழைய கார்களில் மிக அவலட்சணமானது எது? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. முதலில் யாராவது அம்பாசிடர் என்பார்கள். அந்த வாதம் நிற்காது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்த அந்த உருண்டை உடம்பு சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கை வரைந்தது என்று பார்த்ததுமே தெரியும். அடுத்து ஸ்டாண்டர்டு 2000. ரோவர் எஸ்டி1 என்ற அழகான காரை எடுத்து, நம் ரோட்டுக்காக உயரத்தைக் கூட்டி, வான்கார்டு என்ற பழைய ஸ்டாண்டர்டு கார் காலத்து 1991 சிசி என்ஜினை உள்ளே வைத்து 1985-ல் விட்டார்கள். அந்த வண்டியின் குறை என்ஜினில் இருக்கிறது, உருவத்தில் இல்லை. ஆக, பேச்சு முற்றும்போது மூன்று பெயர்தான் மிஞ்சும்: பெங்களூரு சிபானி கம்பெனியின் பாதல், அதே சிபானியின் டால்ஃபின், நம் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு கெஸல்.

இந்த மூன்றில் ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்து நான் வாங்கியது கெஸல். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றிலும் பார்க்கச் சகிக்காதது கெஸல்தான் என்பது என் கட்சி. மூன்றில் வைத்துக்கொள்ளத் தகுந்ததும் அதுதான் என்பது என் கட்சியின் இன்னொரு பாதி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கீழே நான் அதிகம் பேசப்போவது அந்த நிபந்தனையைப் பற்றித்தான்.

பாதலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1970-களின் நடுவில் வந்த வண்டி. ஃபைபர் உடம்பு, முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் 198 சிசி டூ-ஸ்ட்ரோக் என்ஜின். காராகவும் இல்லை, ஆட்டோவாகவும் இல்லை. அதனாலேயே அதை அவலட்சணம் என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. குறைந்த விலையில் ஒரு குடும்பத்தை மழையில் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கூடு வேண்டும் என்று நினைத்தார்கள். கூடு மாதிரியே செய்தார்கள். நான் அதை நின்ற நிலையில் பார்த்திருக்கிறேன், ஓட்டியதில்லை. வளைவில் எப்படி நிற்கும், பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதையெல்லாம் அதை ஓட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

டால்ஃபினுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனி 1975-ல் கிட்டன் என்று ஒரு சின்னக் கார் விட்டது. அதைத்தான் சிபானி 1982-ல் இங்கே டால்ஃபின் ஆக்கியது. முழு அலுமினியத்தில் 848 சிசி என்ஜின், ஃபைபர் உடம்பு, இரண்டே கதவு. எடை குறைவு என்பதால் சும்மா பறக்கும். அந்தக் காலத்து ராலிகளில் அதற்கென்று ஒரு பெயர் இருந்தது. நண்பர் ஒருவரின் டால்ஃபினைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கியர் மாற்றியதும் முன்னால் துள்ளுகிற விதம் என் கெஸலுக்குக் கிடையாது. உருவம்? ஒல்லியாக, உயரமாக, சின்னச் சக்கரத்தின் மேல் பெட்டி வைத்தது போல இருக்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஆள் ஏறி இறங்க நாலு கதவு, இரும்பு உடம்பு. ஃபைபரையும் இரண்டு கதவையும் நம் ஜனங்கள் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் டால்ஃபினின் கோடுகளில் ஒரு ஒழுங்கு உண்டு. அது அழகில்லாத கார், அவ்வளவுதான்.

கெஸல் கதை வேறு. அது அழகான ஒரு காரிலிருந்து வந்தது.

ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வரைந்தவர் இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலோட்டி. பின்னால் டிஆர்4, ஸ்பிட்ஃபயர் என்ற ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் கார்களை எல்லாம் வரைந்த அதே ஆள். அந்தக் காருக்குத் தனி சேஸிஸ், அதாவது உடம்பைத் தாங்கும் இரும்புச் சட்டம், வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை எதிராளியான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. ஒரே கூடாக உடம்பு அடித்துத் தர ஆள் இல்லாமல், பல துண்டுகளாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். சலூனின் கூரைகூட போல்ட்டில்தான் நிற்கிறது. நம் ஊரில் எத்தனையோ ஹெரால்டுகளின் கூரையைக் கழற்றி ஓப்பன் கார் ஆக்கியதற்கு அந்த வசதிதான் காரணம்.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் மெட்ராஸில் ஹெரால்டு செய்தது. அதன் முன்பக்கம் முழுக்க ஒரே துண்டு: மட்கார்டு, விளக்கு எல்லாமும் பானெட்டோடு சேர்ந்து முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். ஆனால் நம் ரோட்டில் அது ஆடியது, கடகடத்தது. பின்னால் ஸ்விங் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடுகிற வகை. ஆள் ஏறியதும் சக்கரம் ஒரு மாதிரி சாய்ந்து நிற்கும், இறங்கியதும் வேறு மாதிரி நிற்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். இரண்டு கதவு இங்கே குடும்பத்துக்குப் போதவில்லை. அதனால் நாலு கதவு ஹெரால்டு என்று இந்தியாவுக்கு மட்டுமான ஒன்றைச் செய்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததே இல்லை. பிறகு 1972-ல் எல்லாக் குறைக்கும் சேர்த்துப் பதிலாக வந்தது கெஸல். அதே 948 சிசி என்ஜின், நாலு கதவு, பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைக்கிற சாதாரண ரிஜிட் ஆக்ஸில், மற்ற கார்களைப் போல மேலே திறக்கும் பானெட். 1977-ல் நிறுத்திவிட்டார்கள்.

பொறியியல் கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் சரி. ரூபக் கண்ணால் பார்த்தால்தான் வயிறு எரியும். மிக்கெலோட்டியின் கோடு முன் விளக்கிலிருந்து புறப்பட்டு, இடுப்பில் லேசாக இறங்கி, வால் விளக்கில் கூர்மையாக முடியும். கெஸலில் அந்தக் கோட்டின் தலையையும் வாலையும் வெட்டிச் சதுரம் ஆக்கிவிட்டார்கள். நடுவில் மட்டும் ஹெரால்டின் சாயல் அப்படியே நிற்கிறது. பட்டு வேட்டிக்கு மேல் யூனிஃபார்ம் சட்டை போட்ட மாதிரி. பாதலையும் டால்ஃபினையும் பார்க்கிறவருக்கு ‘இது இப்படித்தான்’ என்று தோன்றும். கெஸலைப் பார்க்கிறவருக்கு, ஹெரால்டைத் தெரிந்திருந்தால், இழந்தது எது என்று தெரியும். அவலட்சணப் போட்டியில் நான் கெஸலுக்கு ஓட்டுப் போடுவது இதனால்தான். அதே காரணத்தால்தான் எனக்கு அதன் மேல் பாசமும். அதில் இருக்கும் ஒவ்வொரு அழகற்ற வெட்டும் நம் ரோடும் நம் மெக்கானிக்கும் நம் குடும்பமும் கேட்டுச் செய்தது. வெளிநாட்டுக் காரை அச்சடித்து விற்ற காலத்தில், மெட்ராஸில் உட்கார்ந்து ஒருத்தர் பென்சிலை எடுத்துக் கோடு போட்டிருக்கிறார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

இனி அந்த நிபந்தனை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ‘என்ஜின் எப்படி?’ என்றுதான். இந்த வகைக் கார்களுக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கெஸலின் 948 சிசி என்ஜின் ஒரு பெரிய குடும்பத்தில் ஒருவன். அந்த வரிசை 1147, 1296, 1493 என்று வளர்ந்து 1980 வரை ஸ்பிட்ஃபயரில் ஓடியது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம். அவர்களுக்காகப் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாகவே விற்கிறார்கள். பணமும் பொறுமையும் இருந்தால் பார்சல் வீட்டுக்கே வரும். பணம் குறைவென்றால் கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறை ஒன்றைப் பிடித்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஆனால் கெஸலின் முகத்தை எங்கே வாங்குவீர்கள்? கிரில், முன் பேனல், பானெட், டிக்கிக் கதவு, வால் விளக்கின் சிவப்பு மூடி, பம்பர், ஓரத்து குரோம் பட்டை. இவை மெட்ராஸில் மட்டும், அஞ்சாறு வருஷம் மட்டும் செய்தவை. இங்கிலாந்துக் கடைக்காரனுக்கு இந்தக் காரின் பெயரே தெரியாது. அதோடு, அழகான கார் பழசானால் ஷெட்டில் மூடி வைப்பார்கள். அழகில்லாத கார் பழசானால் எடைக்குப் போடுவார்கள். ஹெரால்டைக் காப்பாற்றிய பலர், என்ஜினுக்காகவும் கியர் பாக்ஸுக்காகவும் பக்கத்தில் நின்ற கெஸலைத்தான் அறுத்தார்கள். பழைய உதிரி பாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கேட்டால் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் கை நீட்டி எடுத்துத் தருகிற கடைக்காரர், கெஸல் என்றால் நம்மைத்தான் திருப்பிக் கேட்பார்: ‘உங்ககிட்ட ஏதாவது இருக்காண்ணே? இருந்தா சொல்லுங்க, கேக்குறாங்க.’

என் வண்டியைப் பார்க்கப் போனபோது என்ஜின் இறுகிப் போயிருந்தது, தரைத் தகரத்தில் கை போகும் ஓட்டை, சீட் எலி தின்றது. கிரில் முழுசு, விளக்கு மூடி இரண்டும் விரிசல் இல்லாமல், கண்ணாடிகள் எல்லாம் உண்டு. அதே சமயத்தில் ஓடுகிற நிலையில் இன்னொரு கெஸலும் விலைக்கு வந்தது. நல்ல பெயிண்ட், சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. முன்பக்கத்தில் வேறு ஏதோ காரின் கிரிலை வெட்டி ஒட்டியிருந்தார்கள், பின்னால் வேன் விளக்கு. கூட வந்த டிங்கரிங் அண்ணன் அந்த ஓடுகிற வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘தம்பி, ஓட்டை இருந்தா நான் தகரம் வச்சு அடைச்சுருவேன். இல்லாத மூஞ்சிய நான் எதப் பாத்து அடிக்கறது?’ அவர் பேச்சைக் கேட்டு ஓடாத வண்டியை எடுத்தேன். தரைத் தகரத்தை முழுக்க அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகடு போட்டார். உடம்பும் சேஸிஸும் தனித்தனி என்பதால் உடம்பைத் தூக்கி வைத்துவிட்டு, சேஸிஸில் பக்கவாட்டில் நீட்டி நிற்கிற, துரு தின்ற கைகளை மட்டும் மாற்ற முடிந்தது. கிரிலில் வளைந்திருந்த ஒரு கம்பியை, பக்கத்துக் கம்பியை அச்சாக வைத்து நிமிர்த்தினார். அச்சு கையில் இருந்தால் எதையும் செய்யலாம். இல்லாவிட்டால் கைதேர்ந்த ஆளும் கற்பனையில்தான் அடிக்க வேண்டும். அப்படி அடித்தது கெஸலாக இருக்காது.

டால்ஃபினுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஃபைபர் துரு ஏறாது. உடைந்த பக்கத்துக்கு, முழுசாக இருக்கும் இன்னொரு வண்டியில் அச்சு எடுத்து, தண்ணீர்த் தொட்டியும் படகும் செய்கிற பட்டறையிலேயே புதுத் துண்டு வார்க்கலாம். உள்ளே இருக்கும் சேஸிஸ் இரும்புதான். அதைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. என்ஜினுக்கு ரிலையன்ட் வைத்திருக்கும் இங்கிலாந்துக்காரர்கள் இருக்கிறார்கள். பராமரிப்பு ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பவர் டால்ஃபினைத் தேர்ந்தெடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

பதிவு விஷயத்தில் மட்டும் கெஸல் முந்தும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர வண்டிகளும் நாலு சக்கர வண்டிகளும் வின்டேஜ் வகையில் வரும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ எழுத்து, முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷச் செல்லுபடி, பிறகு புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. 1972-ல் பதிவான கெஸலுக்கு அந்த வயசு 2022-லேயே வந்துவிட்டது. முதல் டால்ஃபின் 2032 வரை காத்திருக்க வேண்டும். மூன்று சக்கரப் பாதலுக்கு அந்த விதியில் இடமே இல்லை. இந்த விதியிலும் உடம்புதான் முக்கியம்: சேஸிஸ், உடம்புக் கூடு, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவத்தில் வைத்திருக்க வேண்டும். வேறு காரின் முகத்தை ஒட்டிய கெஸலை எடுத்துக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிற்க நான் தயங்குவேன்.

மறு விற்பனை? ஓப்பன் ஆக்கிய ஹெரால்டைக் கல்யாண ஊர்வலத்துக்கும் படப்பிடிப்புக்கும் தேடி வருவார்கள். கெஸலை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. போட்ட பணம் திரும்பும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். நான் விற்றுப் பார்த்ததில்லை என்பதால் தொகை சொல்லவும் துணிய மாட்டேன்.

ஓட்டுவதற்கு? ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் குறுகலான சந்திலும் ஒரே மூச்சில் திரும்பும்; அது ஹெரால்டிலிருந்து வந்த வரம். பின்னால் ரிஜிட் ஆக்ஸில் என்பதால் வளைவில் பயமில்லை. மேடு பள்ளத்தில் ஹெரால்டு கொஞ்சம் மெத்தென்று போகும், கெஸல் தூக்கிப் போடும். பானெட்டுக்குள் குனிந்து வேலை பார்க்கும்போது ஹெரால்டுக்காரர்கள் டயர் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

கெஸல் பார்க்கப் போகிறவர்கள் ஸ்பேனரைவிட முன்னதாக, முழுசான ஒரு வண்டியின் படங்களை எடுத்துக்கொண்டு போங்கள்: நேர் முன், நேர் பின், இரண்டு பக்கமும். கிரில், முன் பேனல், வால் விளக்கு மூடி, கண்ணாடிகள், குரோம் பட்டை என்று ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாம் இருந்தால் என்ஜின் இல்லாவிட்டாலும் வாங்கலாம். முகம் இல்லையென்றால், விலையை எவ்வளவு குறைத்தாலும் படியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் டால்ஃபின் ஏதாவது நிற்கிறதா என்று விசாரியுங்கள்.