28,000 ரூபாய்க்கு ஒரு கையேடு

புது கார் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். கார் பெயிண்டின் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் செராமிக் கோட்டிங்கே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. எனக்கு அதை விற்ற விதத்தைச் சொல்கிறேன்.

போன வருடம் ஆவணியில் கோவை அவிநாசி ரோட்டில் ஒரு ஷோரூமில் கருநீலக் கார் புக் செய்தேன். கொட்டேஷனில் இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸுக்குக் கீழே ‘பெயிண்ட் புரொடெக்‌ஷன் 5 வருடம்’ என்று ஒரு வரி, அதாவது செராமிக் கோட்டிங், 28,000 ரூபாய். நான் கேட்கவே இல்லை. எடுத்துவிடுங்கள் என்றேன்.

“கருநீலம் எடுக்கறீங்க சார். நம்மூர் வெயிலுக்கு ரெண்டே வருசத்துல மங்கிருமுங்க” என்றார் ஷோரூம் விற்பனைப் பையன். பாதிக்கு மட்டும் கோட்டிங் போட்ட ஒரு பானெட்டைக் கொண்டுவந்து, மார்க்கர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, துணியால் துடைத்தார். கோட்டிங் பக்கம் ஒரே துடைப்பில் போனது. மறுபக்கம் கோடு அப்படியே நின்றது. தண்ணீர் தெளித்தார். சேம்பு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டது. “9ஹெச் ஹார்ட்னஸ் சார், கல்லு பட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க.” மனைவி என்னைப் பார்த்தாள். சரி என்றேன்.

9ஹெச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை என்று பிறகுதான் தெரிந்தது. 9ஹெச் பென்சிலுக்குக் கீறல் விழாது, அவ்வளவுதான். கோட்டிங்கின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். பல்லடம் ரோட்டில் டிப்பர் லாரி தெறிக்கவிடும் ஜல்லியை அது எங்கே தடுப்பது? வெயிலைத் தாங்கும் சரக்கு கம்பெனி பெயிண்டின் மேல்பூச்சிலேயே இருக்கிறது.

டெலிவரி நாளன்று நல்ல நேரம் 10.30. எட்டேகாலுக்கு வண்டியை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் டீ குடித்து முடித்து, எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தோம். பத்து மணிக்கு வண்டி வெளியே வந்துவிட்டது. முறையாகச் செய்தால் கழுவி, பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியால் தேய்த்து, பாலிஷ் போட்டு, அப்புறம்தான் ஒவ்வொரு பகுதியாகப் பூசித் துடைக்க வேண்டும். காய்வதற்கும் நேரம் விட வேண்டும். அதுவரை தண்ணீரே படக் கூடாது. அவர்களோ எங்கள் கண்முன் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி “பாருங்க சார்” என்றார்கள். கைதட்டாத குறை. சாதாரண வாக்ஸ் பூசினாலும் தண்ணீர் அப்படித்தான் உருளும்.

பங்குனியில் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். எங்கள் வீடு பல்லடம் பக்கம், போர் தண்ணீர்தான். குடத்திலேயே உப்புப் படியும். வண்டியைக் கொண்டுபோனேன். சர்வீஸ் அட்வைசர் நான் பிரிக்கவே பிரிக்காத கையேட்டைப் புரட்டி விரலை வைத்தார்: உப்புத் தண்ணீர்க் கறை, பறவை எச்சம், மரப்பிசின் எதற்கும் வாரண்டி கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கேயே பராமரிப்பு செய்ய வேண்டும். 15 நாள் தாண்டினால் வாரண்டி ரத்து. நான் 19 நாள் தாமதம். ஒரு தடவைக்கு 1,800, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 2,124 ரூபாய். பத்துத் தடவைக்கு 21,240. புக்கிங்கின்போது இதை யாரும் வாயே திறக்கவில்லை.

“போர் தண்ணியில கழுவுனா எந்தக் கோட்டிங்கும் நிக்காதுங்க சார்” என்றார், எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். என் முகவரியை அவர்கள்தானே ஃபாரத்தில் எழுதினார்கள்? சிறுவாணித் தண்ணீரில் கார் கழுவுகிறவனா நான்? இங்கே எது கட்டாயம் நடக்குமோ அதையெல்லாம் விலக்கிவிட்டு, நடக்க வாய்ப்பே குறைவானதற்கு ஐந்து வருட உத்தரவாதம்.

என்ன சரக்கு பூசினீர்கள், யார் பூசியது, செய்த வேலையைக் குறித்து வைக்கும் ஜாப் கார்டு எங்கே என்று கேட்டேன். பில்லில் ‘பேக்கேஜ்’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. சூலூரில் டீட்டெய்லிங், அதாவது கார்களைச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் காட்டினேன். “கோட்டிங் போட்டாங்களா வாக்ஸ் போட்டாங்களான்னு இப்ப சொல்ல முடியாதுங்கண்ணா” என்றார். கறையை எடுத்து லேசாக பாலிஷ் போட்டுக் கொடுத்தார், 1,500 ரூபாய். அடிக்கடி மெஷின் பாலிஷ் போட்டால் மேல்பூச்சே தேயும் என்றும் சொன்னார். பராமரிப்பு என்ற பெயரில் ஷோரூமில் செய்வதும் அந்த மெஷின் பாலிஷைத்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்த பிறகு, இரண்டு பராமரிப்பு இலவசம் என்று இறங்கி வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. திருப்பூர் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது.

நம்பியூர் மச்சான் அடுத்த மாதம் கார் எடுக்கிறார். வாரண்டிக் கையேட்டைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள், கோட்டிங் வேண்டுமென்றால் சீல் பிரிக்காத பாட்டிலை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள் என்றேன். வெள்ளைக் கலரே எடுங்கள் என்றும் சொன்னேன். கறுப்புத்தான் வேண்டுமாம். கொட்டேஷன் வாங்கப் போகும்போது நானும் கூடப் போகிறேன்.