குடும்பத்தோடு வெளிநாட்டு அறுவை சிகிச்சைத் தொண்டு: குறுகிய முகாமா, மருத்துவக் கப்பலா, உள்ளூர் மருத்துவமனையா?

உலகில் சுமார் 500 கோடி பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று 2015-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்கிட்டது. இதைப் படித்துவிட்டு, விடுமுறையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தொண்டுக்குப் போகலாம் என்று நினைக்கிற மருத்துவர், செவிலியர் குடும்பங்கள் உண்டு. போகிற வழிகள் மூன்று. மூன்றையும் நான் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன்: நாம் ஊர் திரும்பிய பிறகு தையல் பிரிந்தால், நாம் சிகிச்சை செய்த குழந்தையை யார் பார்ப்பார்கள்?

முதல் வழி, ஓரிரு வாரத்துக்குப் பறந்து போகும் குழு. உதட்டுப் பிளவு, அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் ஆபரேஷன் ஸ்மைல் அமைப்பு இப்படித்தான் பிறந்தது. அறுவை சிகிச்சை மருத்துவரான பில் மகீயும் அவர் மனைவி கேத்தியும் 1982-ல் பிலிப்பைன்ஸுக்குப் போனார்கள். சிகிச்சை பெற்ற குழந்தைகளைவிட இடமில்லாமல் திரும்பிப்போனவர்களே பல மடங்கு அதிகம். அந்த வேதனைதான் அமைப்பாக வளர்ந்தது.

வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வழி வசதியானது, விடுப்புக்குள் முடிந்துவிடும். உதட்டுப் பிளவு, குடலிறக்கம் போன்றவற்றுக்கு இது ஓரளவு பொருந்தும். வாயின் மேற்கூரை பிளந்திருக்கும் அண்ணப்பிளவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. தைத்த அண்ணத்தில் சில வாரங்கள் கழித்தும் துளை விழலாம். பேச்சு சீராகப் பயிற்சி வேண்டும், சில குழந்தைகளுக்கு அது ஆண்டுக்கணக்கில் நீளும். குழு விமானம் ஏறிய பிறகுதான் பாதி வேலையே தொடங்குகிறது.

குடும்பத்துக்கும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெற்றோர் இருவரும் மருத்துவத் துறையினர் என்றால் விடிந்தது முதல் இருட்டும் வரை அறுவை அரங்கிலேயே இருப்பார்கள். சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் நிலைமை வேறு. அவர்களுக்கு அரங்குக்கு வெளியே உண்மையான வேலை காத்திருக்கிறது.

அறுவைக்கு முந்தைய வார்டைப் பாருங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும். வயிற்றில் பால் இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. பசியில் வீறிடும் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மொழி தெரியாத வெள்ளை உடுப்புக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள் தாய். பிள்ளை அழுதால் மார்பில் அணைப்பதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. மொழிபெயர்ப்பாளரோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் கூடாது என்று பொறுமையாகச் சொல்லி, குழந்தையை மாற்றி மாற்றித் தோளில் போட்டு நடக்க ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அன்றைய சிகிச்சையே தள்ளிப்போகலாம். காத்திருக்கும் பெரிய குழந்தைகளோடு சோப்புக்குமிழி ஊதி விளையாடுவதும் வேலைதான், அவர்களுடைய பயம் குறையும். ஆனால் பதினாறு வயது மகனை 'அனுபவத்துக்காக' அரங்குக்குள் நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். நம் ஊர் மருத்துவமனையில் அனுமதிக்காததை ஏழை நாட்டில் செய்வது அந்த நோயாளிக்கு இழைக்கும் அவமதிப்பு.

இரண்டாவது வழி மருத்துவக் கப்பல். இதை நடத்தும் மெர்சி ஷிப்ஸ் என்ற தொண்டு அமைப்பு 1978-ல் தொடங்கியது. அதன் ஆப்பிரிக்கா மெர்சி ஒரு காலத்தில் டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்ற கப்பல். அதன் இன்னொரு கப்பலான குளோபல் மெர்சி மருத்துவமனையாகவே கட்டப்பட்டது; ஆறு அறுவை அரங்குகள் கொண்டது. குடும்பமாகப் போவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. கப்பலிலேயே பள்ளி, குடும்ப அறைகள் எல்லாம் இருக்கின்றன. ஆசிரியர், மின்பணியாளர், சமையல்காரர், கணக்காளர் எல்லோரும் தேவைப்படுகிறார்கள். எனவே கணவன் மனைவியில் ஒருவர் மட்டுமே மருத்துவத் துறை என்றாலும் இருவருக்கும் வேலை உண்டு. ஒரே துறைமுகத்தில் மாதக்கணக்கில் நிற்பதால் காயம் ஆறும்வரை நோயாளியைப் பார்க்கவும் முடிகிறது.

விலையும் அதிகம். குடும்பம் என்றால் நீண்ட காலம் ஒப்புக்கொடுக்க வேண்டும், வருமானம் நின்றுபோகும், பயணச் செலவையும் தன்னார்வலரே ஏற்க வேண்டும். இது கிறிஸ்தவ அமைப்பு என்பதையும் முன்கூட்டியே அறிந்து முடிவெடுப்பது நல்லது. உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றாலும், கப்பல் நங்கூரம் எடுக்கும் நாளில் அரங்குகளும் கூடவே போய்விடுகின்றன.

மூன்றாவது வழி, உள்ளூர் மருத்துவமனைக்குத் துணை நிற்பது. பிளவு சிகிச்சைக்காக 1999-ல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் அமைப்பு வெளிநாட்டுக் குழுக்களை அனுப்பும் பாதையை விட்டு, அந்தந்த நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பணமும் கொடுக்கும் பாதையைத் தேர்ந்தெடுத்தது. அதே பாதையில் ஒரு குடும்பமும் நடக்கலாம். அங்குள்ள மருத்துவர்களின் அழைப்பின் பேரில், ஒரே மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் போய், அவர்கள் கேட்பதைக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம். கத்தி அவர்கள் கையில், நாம் பக்கத்தில். பிள்ளைகளுக்குப் பரபரப்பான வேலை இருக்காது. ஆனால் போன ஆண்டு பார்த்த செவிலியரை இந்த ஆண்டும் பெயர் சொல்லி அழைப்பார்கள். தையல் பிரிந்தால் தைத்தவரே அங்கு இருக்கிறார். என் தேர்வு இதுதான்.

ஓரிரு வாரம் மட்டுமே முடியும் என்றால், புறப்படும் முன் எழுத்தில் மூன்று பதில்களைக் கேட்டு வாங்குங்கள்: நாம் கிளம்பிய பிறகு நோயாளிகளுக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர் மருத்துவர் யார்? அந்த நாட்டில் சிகிச்சை செய்ய நமக்குத் தற்காலிகப் பதிவு கிடைத்துவிட்டதா? பிள்ளைகளுக்கு எந்த வேலை, யாருடைய மேற்பார்வையில்? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால் அதையும் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்; ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் அது செல்லுபடியாகும். முதல் கேள்விக்குப் பெயரோடு பதில் வராவிட்டால், டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தை உள்ளூர் மருத்துவருக்குப் பயிற்சி கொடுக்கும் அமைப்புக்கு அனுப்பிவிடுங்கள்.