கரண்ட் வைத்த கழுத்தில் தமனி அடைப்பு: ஸ்டென்டா, ஆபரேஷனா?

வாய், தொண்டைப் புற்றுநோய்க்காக ஆறேழு வாரம் கழுத்தில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டவர்கள் 60 முதல் 70 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை கதிர் வாங்கியிருப்பார்கள். நோய் போய்ப் பல வருடம் கழித்து, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி சுருங்கத் தொடங்கலாம். தமனியின் உள்பூச்சையும், அதன் சுவருக்கே ரத்தம் தரும் நுண்குழாய்களையும் கதிர் கெடுப்பதுதான் காரணம். சாதாரணக் கொழுப்பு அடைப்பு பெரும்பாலும் தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில் குட்டையாக இருக்கும். இதுவோ கதிர் பட்ட பகுதி நெடுகிலும் நீளும்.

ஆபரேஷனில் கழுத்தைத் திறந்து, தமனியைக் கீறி, அடைப்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். சாதாரணக் கழுத்துக்கு இது காலங்காலமாகக் கைகொடுத்த வழி. கதிர் பட்ட கழுத்தில் தோலும் தசையும் தமனியும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். குரலுக்கும் நாக்குக்கும் போகிற நரம்புகளைப் பிரித்தெடுப்பது கடினம், காயமும் மெதுவாகத்தான் ஆறும். ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு, தற்காலிகமான நரம்பு பாதிப்புகூடப் பெரிய அடிதான்.

ஸ்டென்ட் என்பது தமனிக்குள் வைத்து அதை விரித்துப் பிடிக்கிற சின்ன வலைக்குழாய். அது தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ போகிறது, கழுத்தைத் தொடுவதே இல்லை. சிகிச்சையை ஒட்டி வரும் பக்கவாத அபாயம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், கரண்ட் வைத்த கழுத்துக்கு என் ஓட்டு பெரும்பாலும் ஸ்டென்டுக்கே. ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த ஸ்டென்ட் பிற்பாடு மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு ஆபரேஷனைவிட அதிகம். ரத்தம் கட்டாமல் தடுக்கிற ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் குறைந்தது ஒரு மாதமாவது தவறாமல் சாப்பிட வேண்டும், ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனும் வருடந்தோறும் தொடர வேண்டும். அதற்கு வர முடியாத தூரத்தில் இருப்பவர், தழும்பு குறைவாகவும் அடைப்பு குட்டையாகவும் இருந்தால், ஆபரேஷனைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அறிகுறியே இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தெரிந்த அடைப்பா? பலருக்கு ஆஸ்பிரின், ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), பிரஷர் கட்டுப்பாடு, புகையிலையை விடுவது, இவையே போதும்.

ஆனால் ஒரு பக்கம் கை மரத்து, பேச்சு குழறி, அல்லது ஒரு கண் சில நிமிடம் இருண்டு சரியாகிவிட்டால், சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டென்டோ ஆபரேஷனோ, இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.