8 ஜிபி லேப்டாப்பில் லினக்ஸ்: மூன்று வழிகளில் எது?

குடியாத்தத்தில் இருக்கும் அக்கா மகள் போன வாரம் ரயில் பிடித்து காட்பாடிக்கு வந்துவிட்டாள், கையில் லேப்டாப்போடு. "மாமா, கிளாஸ்ல எல்லாருக்கும் லினக்ஸ் ஓடுது. எனக்கு மட்டும் எரர்." விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. என்னிடம் வரும் பிள்ளைகளின் லேப்டாப் பெரும்பாலும் இதே அளவுதான்.

வழிகள் மூன்று: விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல், கணினிக்குள் இன்னொரு கணினி போல லினக்ஸை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ், அப்புறம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட்.

அவள் டபிள்யூஎஸ்எல்தான் போட்டிருந்தாள். திறந்தால் 80370102 என்று முடியும் பிழை. அதில் ஓடும் லினக்ஸ் வகையான உபுண்டுவை மூன்று முறை அழித்து அழித்துப் போட்டிருக்கிறாள், பாவம். கோளாறு உபுண்டுவில் இல்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியுவைச் சொடுக்கினால், விர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட சிப் தரும் வசதி) என்ற வரிக்கு எதிரே 'டிஸ்ஏபிள்டு' என்று இருந்தது. பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில், அதை ஆன் செய்ததும் உபுண்டு திறந்துவிட்டது. ஏஎம்டி சிப் என்றால் பயோஸில் இதன் பெயர் எஸ்விஎம்.

அடுத்த குறை, வேகம். டீ குடித்துவிட்டு வந்தாலும் புராஜெக்டுக்கு வேண்டிய துணைக் கோப்புகளை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் முடியவில்லை. புராஜெக்ட் முழுக்க சி டிரைவில் கிடந்தது. லினக்ஸ் பக்கத்திலிருந்து விண்டோஸ் கோப்புகளைத் தொடும் பாதை மிக மெதுவானது. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் என்றால் திணறிவிடும். உபுண்டுவின் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றியதும் சரியானது. ராமையும் கவனிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் மொத்த ராமில் பாதி வரை டபிள்யூஎஸ்எல் எடுத்துக்கொள்ளும். கூடவே குரோம் திறந்தால் 8 ஜிபி போதாது. டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் 3 ஜிபி என்று வரம்பு வைத்துக் கொடுத்தேன்.

வர்ச்சுவல்பாக்ஸை இவளுக்கு நான் சொல்லவில்லை. ஒதுக்கிய ராம், அது ஓடும் வரை போனது போனதுதான். டபிள்யூஎஸ்எல் இருக்கும் கணினியில் அதையும் போட்டால், ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு பச்சை ஆமைப் படம் வரும். விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷனான ஹைப்பர்-வி வழியாக ஓடுகிறேன், மெதுவாகத்தான் போவேன் என்று அர்த்தம். ஆனால் நெட்வொர்க், சர்வர் பாடம் படிப்பவர்களுக்கு இதுதான் நல்லது. இருக்கும் நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம்.

வேகத்தில் டூயல் பூட்டை மிஞ்ச எதுவும் இல்லை. 4 ஜிபி பழைய லேப்டாப் என்றால் யோசிக்காமல் அதையே சொல்வேன். ஆனால் லினக்ஸுக்கு இடம் ஒதுக்க டிஸ்க்கில் விண்டோஸின் பார்ட்டிஷனைச் சுருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கில் உள்ளது மொத்தமும் போகலாம். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் கரண்டை நம்ப முடியாது. பேட்டரி செத்த லேப்டாப்பில் இதைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பதற வேண்டாம், லினக்ஸ் உலக நேரத்தை எழுதிவைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸில் ஒரே கட்டளையில் சரிசெய்யலாம்.

அவள் வேலைக்கு டபிள்யூஎஸ்எல் போதும். ஒன்று மட்டும்: பயோஸைத் தொடும் முன்பே டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை நோட்டில் எழுதச் சொன்னேன். பாதியில் திரை அதைக் கேட்டு நின்றால், எண் இல்லாமல் உள்ளே போக வழியே கிடையாது.